தரத்தேர்வும் வீட்டுச் சாதகமும்: இசை கற்கும் பிள்ளைகளும் பெற்றோரும்

இசை கற்கும் பிள்ளையை நிலை நிலையாக அளந்து ஒவ்வொரு நிலைக்கும் சான்றிதழ் தரும் தரத்தேர்வு முறை, சென்னை, யாழ்ப்பாணம், லண்டன் எனத் தமிழர் வாழும் ஊர்கள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. பியானோவோ கீபோர்டோ பயிலும் பிள்ளை டிரினிட்டி தேர்வுக்குப் பணம் கட்டுகிறது; பாட்டு பயிலும் பிள்ளை தமிழ்நாட்டில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வையோ, இலங்கையில் வட இலங்கை சங்கீத சபையின் தேர்வையோ நாடுகிறது. இத்தேர்வுகள் கலையை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா என்ற வழக்கு நெடுநாளாக நடந்துவருகிறது. அதில் பேசப்படுவதெல்லாம் பாடத்திட்டமும் தேர்வாளரும் மதிப்பெண்ணுமே. ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வீட்டுக் கூடத்தில் நடக்கும் சாதகம் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. தேர்வினால் விளையும் நன்மையும் தீமையும் அம்மாதங்களில்தான் முடிவாகின்றன என்பதும், தேர்வு அளக்காத பகுதியைக் காக்கும் வேலை பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

படிப்படியாகக் கற்பித்தல் தமிழருக்குப் புதிதன்று. புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாக மரபு கூறும் கர்நாடக இசையின் தொடக்கப் பாடமுறை, சரளி வரிசையில் தொடங்கி ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளங்களுக்குமான அலங்காரம், பிறகு கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கிருதி என்று ஏறிச் செல்கிறது. தொடக்கப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்திருப்பதற்கும் காரணம் உண்டு: அதன் ஸ்வரங்கள் கீழ்ப்பாதியிலும் மேல்பாதியிலும் ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு பாதியைப் பிடித்துக்கொண்ட குரல் மறுபாதியையும் எளிதில் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலத்தில், அதாவது ஒரே தாள ஓட்டத்தில் ஒரு மடங்கு, இரு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் பாட வேண்டும் என்ற விதி, அதனுள்ளேயே அமைந்த ஒரு சோதனை. ஆக, ஏணி முன்பே இருந்தது, இல்லாதது தேதி. அடுத்த படிக்கு எப்போது போவது என்பதைக் குருவின் செவி முடிவுசெய்ததால், ஒரு பிள்ளை ஆறு மாதத்தில் கடந்த வரிசைகளில் இன்னொரு பிள்ளை இரண்டாண்டு நின்றாலும் அதைத் தோல்வி என்று யாரும் பதிவுசெய்யவில்லை.

தேதியும் மதிப்பெண்ணும் வேறிடத்திலிருந்து வந்தன. லண்டனில் டிரினிட்டி இசைக் கல்லூரி 1877 முதலே வெளி மாணவர்களுக்குத் தேர்வு நடத்தியது; ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் என்ற இரு நிறுவனங்களும் கைகோத்து 1889-இல் தொடங்கிய கூட்டுத் தேர்வு வாரியமே இன்று ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்று அறியப்படுகிறது. பியானோ வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்கள் பெருகிய காலம் அது. யார் வேண்டுமானாலும் ஆசிரியர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலையில், பிள்ளை உண்மையிலேயே எதையேனும் கற்றிருக்கிறதா என்று வெளியாள் ஒருவர் கேட்டுச் சொல்லும் ஏற்பாட்டைப் பெற்றோர் வரவேற்றனர். பேரரசின் கப்பல்கள் போன துறைமுகங்களுக்கெல்லாம் இத்தேர்வுகளும் போயின. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்ற இளையராஜா டிரினிட்டியின் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்ற செய்தி, தமிழ்நாட்டில் அப்பெயரைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது எனலாம்.

கர்நாடக இசைக்கான சான்றிதழ்கள் பிறந்த நோக்கம் வேறு. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கப்பட்ட இசைக் கல்லூரியும், அது பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக வழங்கிய சங்கீத பூஷணம் பட்டமும், சென்னையில் 1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய மத்திய கர்நாடக இசைக் கல்லூரியும் பாடகரையும் ஆசிரியரையும் உருவாக்க எழுந்தவை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம், தையல் ஆகியவற்றோடு இசையும் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகளில் இடம்பெறுவதற்கும் பள்ளி இசையாசிரியர் பணிக்கான தகுதியே அடிப்படை. வேலைக்காக வகுக்கப்பட்ட அளவுகோலைக் கொண்டு பிள்ளையின் ஆர்வத்தை அளக்கும்போது சில பொருத்தமின்மைகள் தோன்றுவது இயல்பே. இலங்கையில் நிலைமை சற்று மாறுபட்டது: அங்கே கர்நாடக சங்கீதம் பள்ளிப் பாடமாகவே இருந்து சாதாரணதரப் பரீட்சையிலும் இடம்பெறுவதாலும், வட இலங்கை சங்கீத சபையின் தரங்கள் சிறுவயதிலிருந்தே படிப்படியாக எழுதப்படுவதாலும், இசைத் தேர்வு என்பது யாழ்ப்பாணக் குடும்பங்களில் கணிதத் தேர்வைப் போலவே வழக்கமானதாகிவிட்டது. போரினால் ஊர் பெயர்ந்தவர்கள் அவ்வழக்கத்தையும் உடன் எடுத்துச் சென்றனர். பிரிட்டனில் மேலை இசையின் எட்டாம் தரத்தில் தேறியவருக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கணக்கில் 18 முதல் 30 புள்ளிவரை கிடைப்பதால், அங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு இசைச் சான்றிதழின் மேல் இரட்டைப் பற்று.

தேர்வு எதை அளக்கிறது என்பதை அதன் மதிப்பெண் பங்கீடே காட்டிவிடும். ஏ.பி.ஆர்.எஸ்.எம். செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். தேற 100 வேண்டும், 120 பெற்றால் மெரிட், 130 பெற்றால் டிஸ்டிங்ஷன். மூன்று இசைப்படைப்புகளுக்குத் தலா 30, ஸ்கேல் எனப்படும் ஸ்வர வரிசைகளுக்கு 21, முன்பின் காணாத குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, கேட்டறியும் திறனுக்கு 18. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; கூட்டுத்தொகை போதும். விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. 150-இல் 90 மூன்றே படைப்புகளில் இருப்பதால், ஓராண்டு முழுவதும் அந்த மூன்றையே திரும்பத் திரும்ப வாசித்து, சைட் ரீடிங்கைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு தொட்டுப் பார்த்து, தேறியும் விடலாம். இப்படி ஆண்டுக்கொரு தரம் ஏறி ஐந்தாம் தரத்துக்கு வந்த பிள்ளை, மொத்தத்தில் பதினைந்து படைப்புகளை மட்டுமே அறிந்ததாகவும், புதிதாக ஒரு சிறிய பாட்டின் தாளைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டிப் படிப்பதாகவும் இருப்பது அரிய காட்சியன்று. ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆறாம் தரத்துக்குப் போகுமுன் இசைக் கோட்பாட்டில் ஐந்தாம் தரம் அல்லது அதற்கு நிகரான தகுதியைக் கேட்பது இக்குறையை ஓரளவு தடுக்க முயல்கிறது. டிரினிட்டியில் அத்தகைய நிபந்தனை இல்லை. டிரினிட்டி நூறு மதிப்பெண்ணுக்குத் தேர்வு நடத்தி 60-இல் தேர்ச்சி தருவதோடு, ஐந்தாம் தரம்வரை துணைச் சோதனைகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தருகிறது. நெகிழ்வு என்ற வகையில் அது நன்று. பலவீனமான பகுதியை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் அதுவே வழி.

கர்நாடக இசைத் தேர்வில் சிக்கல் இன்னும் ஆழமானது. அவ்விசையின் உயிர் மனோதர்மம், அதாவது ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் ஆகியவற்றில் பாடுபவர் அந்தக் கணத்தில் உருவாக்குவது. தொடக்கத் தரங்களில் இதற்கு இடமில்லாதது முறையே. ஆனால் எழுத்துத் தேர்வு அவ்விடத்தை ராக லட்சணங்களாலும் வாக்கேயக்காரர் வரலாறுகளாலும் நிரப்பிவிடுகிறது. ஒரு ராகத்தின் ஆரோகண அவரோகணத்தைப் பிழையின்றி எழுதும் பிள்ளை, அந்த ராகம் காதில் விழும்போது அடையாளம் காணத் தடுமாறுவதைப் பாட்டு ஆசிரியர்கள் நன்கறிவர். கேட்கும் பழக்கம் தேர்வுத்தாளில் இடம்பெறாததால் வீட்டுக் கால அட்டவணையிலும் இடம்பெறாமல் போகிறது.

இனிச் சாதகம். பிரிட்டனில் ஜான் ஸ்லொபோடா, ஜேன் டேவிட்சன், மைக்கேல் ஹோ, டெரெக் மூர் ஆகியோர் 257 இளம் மாணவர்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவுகள் இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. அவர்கள் மாணவரின் முன்னேற்றத்தை அளக்கப் பயன்படுத்தியதும் தரத்தேர்வுகளையே. இசைச் சிறப்புப் பள்ளிக்குத் தேர்வான மாணவரும், இடையில் இசையைக் கைவிட்டவரும், ஒரு தரத்திலிருந்து அடுத்த தரத்தை எட்டச் சராசரியாக ஏறத்தாழ ஒரே அளவு மணிநேரம் சாதகம் செய்திருந்தனர். முன்னவர் விரைவில் ஏறியதற்குக் காரணம் நாள்தோறும் அவர்கள் செய்த சாதகம் பல மடங்கு அதிகம் என்பதே. பிறவி வரம் என்று ஊரார் சொல்லி மகிழ்வதன் பெரும்பகுதி இந்த மணிக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. எனினும் இக்கணக்கை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. பெர்லின் வயலின் மாணவரைப் பற்றி ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993-இல் எழுதிய ஆய்விலிருந்து கிளம்பிய 'பத்தாயிரம் மணிநேரம்' என்ற பேச்சு பெற்றோர் கூட்டங்களில் விதிபோலச் சொல்லப்பட்டாலும், பல ஆய்வுகளைத் தொகுத்து புரூக் மக்னமாராவும் பிறரும் 2014-இல் கணித்தபோது, இசைத்திறனில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சுமார் 21 விழுக்காட்டையே சாதகத்தின் அளவு விளக்கியது. மற்றதில் எப்படிச் சாதகம் செய்கிறார்கள் என்பதும் அடங்கும்.

அந்த 'எப்படி' என்பதுதான் வீடுகளில் கவனிக்கப்படாமல் போவது. ஆஸ்திரேலியாவில் கேரி மெக்ஃபர்சனும் ஜேம்ஸ் ரென்விக்கும் சில சிறுவரின் வீட்டுச் சாதகத்தை ஒளிப்பதிவு செய்து பார்த்தபோது, நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒருமுறை ஓட்டிவிடுவதிலேயே கழிந்திருந்தது. தமிழ் வீடுகளிலும் காட்சி வேறன்று. கீதம் பாடும் பிள்ளை நான்காம் வரியில் தடுமாறுகிறது. உடனே முதல் வரிக்குத் திரும்புகிறது. மீண்டும் நான்காம் வரியில் தடுமாறி மீண்டும் முதலுக்கே போகிறது. அரைமணி முடிவில் முதல் வரி இருபது முறை பாடப்பட்டு மெருகேறியிருக்க, நான்காம் வரி இருபது முறையும் தவறாகவே பாடப்பட்டு, அத்தவறு நன்கு மனப்பாடமாகியிருக்கும். பியானோவில் இதற்கு இணையாக எஃப் மேஜர் ஸ்கேலைச் சொல்லலாம். சி மேஜரில் வலக்கையின் மூன்றாம் விரலுக்குப் பின் கட்டைவிரல் அடியில் நுழைந்து பழகியிருக்கும். எஃப் மேஜரிலோ நான்காம் விரல் கறுப்புக் கட்டையான பி ஃபிளாட்டைத் தொட்ட பிறகே கட்டைவிரல் நுழைய வேண்டும். பழைய வழக்கம் கையை இழுக்கும். முழு ஸ்கேலையும் ஐம்பது முறை வாசிப்பதைவிட, மூன்றாம் விரல், நான்காம் விரல், கட்டைவிரல் என்ற அந்த மூன்று ஸ்வர இடத்தை மட்டும் பிரித்தெடுத்து மெதுவாகப் பத்துமுறை சரியாக வாசித்தால் முடிச்சு அவிழும். டெக்சஸில் ராபர்ட் டியூக் குழுவினர் 17 பியானோ மாணவருக்கு ஷொஸ்டகோவிச்சின் கான்செர்டோவிலிருந்து ஒரு கடினமான பகுதியைக் கொடுத்துச் செய்த ஆய்வும் இதையே காட்டியது: மறுநாள் நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் உழைத்தவர்கள் அல்லர், தவறு நேர்ந்த இடத்திலேயே நின்று, வேகத்தைக் குறைத்து, அங்கேயே திருத்தியவர்கள்.

இந்த இடத்தில்தான் இசையறியாப் பெற்றோர் தமக்கு வேலையில்லை என்று ஒதுங்குகின்றனர். அது தவறான முடிவு. 'எந்த இடத்தில் தடுக்குகிறது? அந்த இடத்தை மட்டும் பாடு' என்று சொல்ல ராக ஞானம் தேவையில்லை. சுருதியைக் கவனிப்பதும் அப்படியே. வகுப்பில் ஐந்து கட்டையில் பாடும் பிள்ளை வீட்டில் கைபேசியின் தம்புரா செயலியை ஏதோ ஒரு சுருதியில் ஓடவிட்டுச் சாதகம் செய்தால், மேல்ஸ்தாயி வரிசையில் குரல் ஒருநாள் சுகமாகவும் மறுநாள் இறுக்கமாகவும் இருக்கும். பிள்ளை தன் குரலையே குறைசொல்லிக்கொள்ளும். ஆசிரியரிடம் கட்டை எது என்று கேட்டுக் குறித்துவைத்துச் செயலியில் அதையே அமைத்துத் தருவது ஒரு நிமிட வேலை. அறுபத்தொரு கட்டை கொண்ட, தொட்டாலே ஒலிக்கும் கீபோர்டில் பழகிய பிள்ளையைத் தேர்வன்று கனத்த கட்டைகள் கொண்ட பியானோ முன் முதன்முறையாக உட்காரவைப்பதும் இதே வகைக் கவனக்குறைவு.

பெற்றோரின் பங்கு எவ்வளவு, எப்போது என்பதற்கும் மேற்சொன்ன 257 மாணவர் ஆய்விலேயே விடை உண்டு. மிகவும் முன்னேறிய பிள்ளைகளின் பெற்றோர் தொடக்க ஆண்டுகளில் வகுப்புக்கு உடன் சென்று, ஆசிரியரிடம் பேசி, சாதக நேரத்தில் அருகிருந்தனர்; பிள்ளை சுமார் பதினோரு வயதைத் தாண்டித் தானாகவே உட்காரத் தொடங்கியதும் பின்வாங்கினர். இசையைக் கைவிட்ட பிள்ளைகளின் பெற்றோரோ தொடக்கத்தில் ஒதுங்கியிருந்துவிட்டு, பதின்மவயதில் திடீரென நெருக்கத் தொடங்கியிருந்தனர். முன்னேறிய பிள்ளைகளின் பெற்றோருள் பலர் இசைக்கலைஞர்கள் அல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது. முதல் ஆசிரியரைப் பற்றிய கண்டுபிடிப்பும் கவனத்துக்குரியது: முன்னேறிய பிள்ளைகள் தம் முதல் ஆசிரியரை அன்பானவர், பேசிப் பழகுபவர் என்று நினைவுகூர்ந்தனர்; வித்வத் பிற்காலத்தில்தான் பெரிதாகப்பட்டது. கச்சேரி மேடையில் பெயர் பெற்றவரிடமே ஐந்து வயதுப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று அலைவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஜப்பானில் ஷினிச்சி சுசுகி (1898–1998) வகுத்த வயலின் முறையில் தாயோ தந்தையோ வகுப்பில் அமர்ந்து தாமும் கற்று, வீட்டில் ஆசிரியரின் இடத்தை நிரப்புகின்றனர். பிள்ளை தாளைப் படிக்குமுன் நூற்றுக்கணக்கான முறை பாட்டைக் கேட்டிருக்கிறது. கேள்வி ஞானம் என்று கர்நாடக மரபு போற்றியதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பரிசு கொடுத்துச் சாதகம் செய்யவைப்பது பரவலான உத்தி. மார்க் லெப்பரும் வேறு இருவரும் 1973-இல் மழலையரிடம் செய்த ஆய்வில், விரும்பிப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபின், பரிசு இல்லாத வேளையில் அவர்கள் வரையும் நேரம் குறைந்துபோயிற்று. சான்றிதழும் பதக்கமும் ஒருவகையில் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பரிசுகளே. ஒரு தேர்வு முடிந்து அடுத்ததற்குப் பணம் கட்டும்வரை வாத்தியம் உறைக்குள்ளேயே கிடக்கும் வீடுகளில் இவ்விளைவைக் கண்கூடாகக் காணலாம். மெக்ஃபர்சன் 157 சிறுவரை வாத்தியத்தைத் தொடுமுன்பே 'எவ்வளவு காலம் வாசிப்பாய்?' என்று கேட்டுவைத்து, பின்னர் அவர்களின் முன்னேற்றத்தோடு ஒப்பிட்டார்: நெடுங்காலம் வாசிப்பேன் என்றவர்கள், சில காலத்துக்கு என்றவர்களைவிடக் குறைந்த சாதகத்திலேயே முன்னே சென்றிருந்தனர். அவரே ரென்விக்குடன் கவனித்த கிளாரினெட் மாணவி ஒருத்தி, ஆசிரியர் தந்த பாடங்களை ஓட்டிவிட்டு எழுந்துபோனவள், தானே விரும்பிக் கேட்டுப் பெற்ற ஒரு படைப்பில் மட்டும் நிறுத்தி, திருத்தி, மெதுவாக்கித் தேர்ந்த கலைஞரைப் போல உழைத்தாள். தேர்வுப் பாடத்தோடு பிள்ளை தானே தேர்ந்த ஒரு பாட்டும், அது திரைப்பாட்டானாலும் சரி, எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எப்போது தேர்வுக்கு அனுப்புவது என்பதில் நடைமுறை அறிவே துணை. மூன்று மாதம் முன்பாகவே படைப்புகள் முழுதும் கைவசமாகி, எஞ்சிய காலம் மெருகுக்கும் மறுபகுதிகளுக்கும் கிடைக்குமானால் தேர்வு உதவும். தேதியைத் துரத்திக்கொண்டு கற்றால் கை இறுகும். ஆண் பிள்ளைகளின் பாட்டில் மகரக்கட்டு என்ற தனிச் சிக்கலும் உண்டு. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல் உடைந்து சுருதி கீழிறங்கும் அம்மாதங்களில் குரலுக்கு வேகமும் மேல்ஸ்தாயியும் பகை. அவ்வேளையில் தேர்வைத் தள்ளிவைத்து, தாளப் பயிற்சி, கேட்டல், வாத்தியம் ஆகியவற்றில் பிள்ளையை ஈடுபடுத்தும் ஆசிரியரே அறிவாளி. தமிழ்நாட்டில் அதையடுத்து உடனே பத்தாம் வகுப்பு வந்துவிடுகிறது. பாட்டு வகுப்பை 'ஒரு வருடம் நிறுத்திவைப்போம்' என்று சொல்லும் வீடுகளில் பதினொன்றும் பன்னிரண்டும் அந்த ஒரு வருடத்தை மூன்றாக்கிவிடுகின்றன. வாரவகுப்பைக் குறைத்து, தேர்வை முற்றிலும் கைவிட்டு, நாளொன்றுக்குக் கால்மணி மட்டும் தெரிந்ததைப் பாடவிடும் குடும்பங்களிலோ இசை அவ்வாண்டுகளைத் தாண்டிப் பிழைக்க வாய்ப்புண்டு.

கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020-இல், ஏ.பி.ஆர்.எஸ்.எம். அறிமுகப்படுத்திய பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்ற தேர்வுவகை இக்கேள்விகளைப் புதிய இடத்துக்கு நகர்த்தியிருக்கிறது. அதில் ஸ்கேலும் சைட் ரீடிங்கும் இல்லை. நான்கு படைப்புகளை இடையில் வெட்டோ ஒட்டோ இன்றி ஒரே மூச்சில் வாசித்து, வீட்டிலேயே ஒளிப்பதிவு செய்து அனுப்பலாம். நான்குக்கும் தலா 30, ஒட்டுமொத்த நிகழ்த்தலுக்கு 30 என்று இங்கும் கணக்கு 150 தான். அந்நியர் முன் ஒருமுறை வாசித்துவிட்டு வெளியே வரும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தின் இடத்தில், 'இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்' என்று கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெற்றோர் வந்திருக்கின்றனர். எந்தப் பதிவை அனுப்புவது என்று தேர்வாளருக்கு முன்பே முடிவுசெய்பவரும் அவர்களே. பதினைந்தாவது பதிவு முதலாவதைவிடத் துல்லியமாகவும் உயிரற்றும் இருக்கக்கூடும். எத்தனை பதிவுகள் என்பதைத் தொடங்குமுன்பே பிள்ளையோடு பேசி மூன்று என்று வரையறுத்துக்கொண்டு, அம்மூன்றில் எதை அனுப்புவது என்பதையும் பிள்ளையே கேட்டுத் தேர்ந்தெடுக்க விடும் வீட்டில், சைட் ரீடிங்கை இழந்த அத்தேர்வு, தன் வாசிப்பைத் தானே கேட்டு மதிப்பிடும் திறனையாவது ஈடாகத் தரும்.